இரண்டு கமராக்களும் ஒரு தோளும்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில், மருதமுனையிலுள்ள என் வீட்டுக்கு இளைஞர் ஒருவர் வந்தார். கல்முனையிலும் அதனைச் சூழவுள்ள ஊர்களிலும் திருமண வைபவங்களைப் படம்பிடிப்பவர். பத்திரிகையில் நீண்டகாலம் இருந்தவன் என்பதனால் எனக்குக் கமரா பற்றியும் தெரிந்திருக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டிருக்கிறார்கள். தேநீர் அருந்தி முடித்ததும் விடயத்துக்கு வந்தார்.

“சேர், ரெண்டு கமராவையும் மாட்டிக்கிட்டு காலையில இருந்து இரவு வரைக்கும் நிக்க வேண்டிக் கிடக்கு. அடுத்த நாள் கழுத்தத் திருப்ப ஏலாது. நல்ல பட்டி எது எண்டு உங்களுக்குத் தெரியுமா?”

லென்ஸ் பற்றிக் கேட்பார், எந்தக் கம்பனியின் கமரா சிறந்தது என்று கேட்பார் என எதிர்பார்த்திருந்த எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. கமராவுடன் பெட்டிக்குள் இலவசமாக வருகின்ற ஒரு நாடாத்துண்டைப் பற்றி ஒருவர் இவ்வளவு கவலைப்படுவாரா என்று எண்ணினேன். மறுகணமே சிரிப்பு அடங்கிவிட்டது. இதே கேள்வியை முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல இந்தக் கரையோரத்தில் அன்று யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

அவரைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன்னர், கமரா என்ற கருவியின் வரலாற்றில் அதனைச் சுமந்தவர்களின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது பயனுள்ளது. புகைப்பட வரலாற்று நூல்கள் கண்ணைப் பற்றி நிறையவே பேசுகின்றன. தோளைப் பற்றி அவற்றில் அதிகம் இல்லை.

சுமந்தவர்கள் யார்?

1855ஆம் ஆண்டு கிரிமிய யுத்தத்தைப் படம்பிடிக்கச் சென்ற பிரித்தானியரான ரோஜர் பென்ரன், தம்முடன் ஐந்து கமராக்களையும் எழுநூறு கண்ணாடித் தகடுகளையும் கொண்டு சென்றார். இவற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பது யாராலும் இயலாத காரியம். மதுபான வியாபாரி ஒருவரின் பழைய வண்டியை வாங்கி, அதனையே நடமாடும் இருட்டறையாக மாற்றிக் குதிரைகளைப் பூட்டிச் சென்றார். அக்காலத்து ஈரத்தகட்டு முறையில், கண்ணாடியில் இரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, அந்த ஈரத்துடனேயே கழுவியும் முடிக்க வேண்டும். எனவே கமரா போகுமிடமெல்லாம் இருட்டறையும் தண்ணீரும் போக வேண்டியிருந்தது.

வண்டி போகாத இடங்களில் மனிதர்கள் சுமந்தார்கள். 1863 முதல் 1866 வரையில் இமயமலைக்கு மூன்று பயணங்களை மேற்கொண்ட சாமுவேல் போர்ன், பத்துக்கணக்கான கூலியாட்களின் தலையிலும் முதுகிலும் தம் கண்ணாடிகளையும் கூடாரத்தையும் ஏற்றிச் சென்றார். நமது நாட்டிலும் இதுவே நடந்தது. கண்டியில் தொழில் நடத்திய ஜோசப் லோட்டன் என்பவர் 1870, 1871ஆம் ஆண்டுகளில் தொல்பொருள் பணிக்காக அநுராதபுரம், பொலன்னறுவை ஆகிய இடிபாடுகளைப் படம்பிடித்தார். இன்றும் வியப்புடன் பார்க்கப்படும் படங்கள் அவை. காடடர்ந்து கிடந்த அந்த இடங்களுக்கு அவருடைய பெட்டிகளும் தகடுகளும் எவ்வாறு போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. படத்தின் அடியில் லோட்டனின் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களில் ஒருவருடைய பெயரும் அங்கே இல்லை.

ஆக, முதல் அரை நூற்றாண்டில் படப்பிடிப்பாளர் பார்த்தார். பாரத்தை வேறொருவர் தூக்கினார். தோளில் மாட்டும் பட்டி என்ற ஒன்றுக்கு அங்கே பெரிய வேலை இருக்கவில்லை.

ஆஸ்துமாவும் சின்னக் கமராவும்

இந்த நிலையை மாற்றியது ஒரு நோயாளியின் களைப்பு என்று சொன்னால் வாசகர்கள் வியப்படையக்கூடும். ஜேர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த ஒஸ்கார் பர்நாக் இயற்கைக் காட்சிகளைப் படமெடுப்பதில் பிரியமுள்ளவர். ஆனால் ஆஸ்துமா நோயாளி. தகட்டுக் கமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு மலைச்சரிவுகளில் ஏறுவது அவரால் முடியாமற் போயிற்று. சினிமாவுக்குப் பயன்பட்ட 35 மில்லிமீற்றர் பிலிம் சுருளை உபயோகித்து, கைக்கடக்கமான கமரா ஒன்றை 1914ஆம் ஆண்டளவில் அவர் செய்துகொண்டார். முதலாம் உலக யுத்தம் குறுக்கிட்டதனால், அது லைக்கா என்ற பெயருடன் 1925ஆம் ஆண்டில்தான் சந்தைக்கு வந்தது.

புகைப்பட வரலாற்றில் லைக்காவின் வருகையை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நமது விடயத்துக்கு முக்கியமானது இன்னொரு சிறு செய்தி. ஆரம்பகால லைக்காவின் உடலில் பட்டி மாட்டுவதற்கு எதுவுமே இருக்கவில்லை. தோலுறைக்குள் கமராவை வைத்து, அந்த உறையின் வாரைத்தான் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். 1933இல் வந்த லைக்கா மூன்றாம் மாதிரியில்தான் இருபக்கத்திலும் இரு சின்னக் காதுகள் பொருத்தப்பட்டன. கடுகளவான இந்த மாற்றத்தினால் கமரா பையிலிருந்து வெளியே வந்து, மனிதனின் மார்பின்மீது தொங்கத் தொடங்கியது. எந்நேரமும் தயாராக, எந்நேரமும் பாரமாக.

அன்று கொடுக்கப்பட்ட வார் விரலகலங்கூட இல்லாத மெல்லிய தோல். அரைக் கிலோ எடைக்கு அது போதுமானதாகவே இருந்தது.

ஆனால் எல்லாப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்களும் உடனே சின்னக் கமராவுக்கு மாறிவிடவில்லை. இந்தியாவின் முதற் பெண் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் என்று போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா அம்மையார், நாற்பதுகளில் டில்லி வீதிகளில் பெருத்த ஸ்பீட் கிராபிக் கமராவுடனும் ரோலிபிளெக்ஸ் கமராவுடனும் பணியாற்றினார். சேலை உடுத்து, உபகரணங்களைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அவர் சென்றதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். 2011இல் பத்ம விபூஷண் விருதைப் பெற்று, 2012இல் மறைந்தார். அவருடைய படங்களில் சுதந்திர இந்தியாவின் பிறப்பைக் காண்கிறோம். அந்தப் பாரத்தைச் சைக்கிள் எவ்வளவு தூரம் குறைத்திருக்கும் என்பதை, கமராவுடன் நடந்தவர்களே அறிவார்கள்.

இரண்டாவது கமரா வந்த கதை

கமரா சிறிதானதும் மனிதர்கள் ஒன்றோடு நிற்கவில்லை. 1944 ஜூன் 6ஆம் திகதி நோர்மண்டிக் கரையில் இறங்கிய ரொபர்ட் கபாவிடம் இரண்டு கொண்டாக்ஸ் கமராக்கள் இருந்தன. காரணம் எளிமையானது. ஒரு பிலிம் சுருளில் முப்பத்தாறு படங்களே எடுக்கலாம். முடிந்ததும் சுற்றி, திறந்து, புதியதைப் போட்டு, மூடி, மீண்டும் கண்ணருகே கொண்டுவருவதற்குள் எதிரே இருந்த காட்சி போய்விடும். இரண்டாவது கமரா இருந்தால் அந்த இடைவெளியைத் தாண்டிவிடலாம்.

பத்தாண்டுகள் கழித்து இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. வண்ணப் பிலிம். சஞ்சிகைகளுக்குக் கறுப்பு வெள்ளையும் வேண்டும், வண்ணமும் வேண்டும். 1954 மே 25ஆம் திகதி இந்தோசீனாவில் கண்ணிவெடியில் சிக்கி கபா உயிரிழந்தபோது, அவரிடம் இருந்த கொண்டாக்ஸில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் நிக்கொனில் வண்ணப் பிலிமும் இருந்தன. பின்னாட்களில் உலகெங்கும் செய்திப் படப்பிடிப்பாளரின் அடையாளமாகவே ஆகிவிட்ட அந்த இரட்டைக் கமராக் கோலம் அவருடைய இறுதி நாளிலேயே முழுமையாக அமைந்திருந்தது.

1959இல் நிக்கொன் எப் வந்தது. அதற்குப் பின்னர் தூரத்தை அண்மையாக்கும் நீண்ட லென்ஸுகளும், தொடர்ச்சியாகப் படமெடுக்கும் மோட்டார்களும் வந்தன. மூன்றாவது காரணமும் உருவாயிற்று. ஒரு கமராவில் அகன்ற கோண லென்ஸ், மற்றதில் தொலைவு லென்ஸ். கழற்றி மாட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. ஒவ்வொரு காரணமும் நியாயமானது. ஒவ்வொரு காரணமும் தோளின்மீது மேலும் சில நூறு கிராம்களை ஏற்றியது. 1996இல் வெளிவந்த நிக்கொன் எப் ஐந்து என்ற கமராவின் வெற்றுடலே 1200 கிராமுக்கு மேல். அதன் எட்டு பற்றரிகளையும், 80 முதல் 200 வரையிலான பெரிய லென்ஸையும் சேர்த்தால் இரண்டரைக் கிலோவைத் தாண்டிவிடும். இரண்டாவது கமரா, பிளாஷ், சில லென்ஸுகள் எல்லாம் சேர, சர்வதேச செய்தி நிறுவனங்களின் படப்பிடிப்பாளர்கள் ஐந்தாறு கிலோவை நாள் முழுவதும் சுமந்தார்கள். போர்னின் கூலியாட்களிடமிருந்து இறங்கிய பாரம், நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் படப்பிடிப்பாளரின் சொந்த உடம்புக்கே திரும்பி வந்துவிட்டது.

காக்காவின் தோள்கள்

இனி நான் முன்னர் குறிப்பிட்டவரிடம் வருகிறேன். அவரைக் காக்கா என்றே இங்கு எழுதுகிறேன். பெயர் போடுவதை அவர் விரும்பமாட்டார். தொண்ணூறுகளில் நான் பத்திரிகையில் சேர்ந்த காலத்தில், இப்பிரதேசத்தில் எனக்குப் படம் எடுத்துத் தந்தவர் அவர். வாப்பாவின் காணித்துண்டு ஒன்றை விற்று வாங்கிய இரண்டு நிக்கொன் எப்எம் இரண்டு கமராக்கள் அவரிடம் இருந்தன. ஒன்றில் நாளிதழுக்கான கறுப்பு வெள்ளை. மற்றதில் வாரவெளியீட்டின் அட்டைக்கான வண்ணப் பிலிம். பிரசுரமான படத்துக்கே கூலி. கமரா, பிலிம், பட்டி, பஸ் கட்டணம் எல்லாம் அவருடைய செலவு. இதனைக் குறையாக அவர் ஒருபோதும் சொன்னதில்லை. அக்காலத்தில் பிராந்தியங்களில் வேலை செய்த எல்லோருடைய நிலையும் அதுவாகவே இருந்தது.

இரண்டு கமராக்களையும் அவர் குறுக்கும் நெடுக்குமாக மாட்டியிருப்பார். ஒன்று இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு, மற்றது வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு. ஓடும்போது கழன்று விழாது என்பதே அதன் நன்மை. பட்டியிலிருந்த மஞ்சள் எழுத்துகளைக் கறுப்பு ஒட்டுநாடாவினால் மறைத்திருந்தார். கூட்டத்துக்குள் அந்த மஞ்சள் நிறம் தூரத்திலிருந்தே தெரியும். தெரிவது எப்போதும் நல்லதாக இருக்கவில்லை.

சோதனைச்சாவடிகளில்தான் அந்தக் குறுக்குப் பட்டிகளின் தொல்லை. அன்று மட்டக்களப்பு வீதியில் ஒரு பயணத்துக்குள் பல தடவை இறங்கி ஏற வேண்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டையும் தலைவழியாகக் கழற்றி மேசையில் வைக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்ளும். அவசரப்பட்டு இழுத்தால் சந்தேகம் வரும். கைகளை மெதுவாக அசைப்பதற்கு அவர் பழகியிருந்தார். அந்த மெதுவான அசைவுகள் இன்றும் என் கண்முன் நிற்கின்றன.

2004 டிசெம்பர் 26. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மருதமுனையின் கடலோரப் பகுதி வீடுகளோடும் மனிதர்களோடும் சிதைந்தது. காக்காவின் வீடு பிரதான வீதிக்கு மேற்கே இருந்ததனால் தப்பியது. வழக்கம்போல இரண்டு கமராக்களையும் குறுக்காக மாட்டிக்கொண்டு அவர் கடற்கரைப் பக்கம் ஓடினார். சில படங்கள் எடுத்தார். பிறகு, இடிந்த சுவரொன்றின் அடியில் உயிருடன் கிடந்த ஒருவரைத் தூக்க நான்கைந்து பேர் கூப்பிட்டார்கள். குனிந்தார். இரண்டு கமராக்களும் முன்னே சரிந்து அந்தக் காயப்பட்டவரின் நெஞ்சில் மோதின. நிமிர்ந்து கழற்ற முயன்றார். நனைந்த சட்டையில் பட்டிகள் ஒட்டிக்கொண்டு, ஒன்றுக்குள் ஒன்று முறுக்கிக்கொண்டன. கடைசியில் இரண்டையும் சேர்த்துத் தலைவழியாக உருவி, எங்கே விழுகிறது என்று பாராமல் எறிந்தார்.

ஒரு நிமிடங்கூட ஆகியிருக்காது. அந்த மனிதரை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவிட்டார்கள். அவர் பிழைத்தும் கொண்டார். கமராக்களில் ஒன்று பின்னர் கிடைத்தது, மற்றது கிடைக்கவில்லை. இருந்தும், “அந்த நேரம் என்ர கை ரெண்டும் என்னட்ட இருக்கல்ல தம்பி” என்று காக்கா என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். அதற்குப் பின்னர் அவர் பட்டியைக் குறுக்காக மாட்டியதே இல்லை. ஒற்றைத் தோளில் போட்டார். ஒற்றைத் தோள் என்பது அவருக்கு எப்போதும் வலது தோள்.

இப்போது காக்காவுக்கு எழுபதை அண்மித்த வயது. தொழுகைக்குத் தக்பீர் கட்டும்போது இடது கை காது வரை உயர்கிறது. வலது கை நெஞ்சளவில் நின்றுவிடுகிறது. வைத்தியர் பல காரணங்களைச் சொன்னார். அவற்றுள் ஒன்று, நீண்டகாலமாக ஒரே தோளில் பாரம் சுமந்தது.

உடம்பு சொல்லும் கணக்கு

கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள சரிவில் ஒரு பெரிய தசை இருக்கிறது. பட்டி அங்கேதான் அமர்கிறது. அதற்கு முன்பக்கமாக, காறையெலும்பின் கீழே, கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகளின் பின்னல் போகிறது. ஒடுங்கிய பட்டியில் பாரம் தொங்கினால் இத்தசை இறுகுகிறது. காலப்போக்கில் நரம்பும் அழுத்தப்படலாம். முதுகுப்பை சுமக்கும் படைவீரர்களின் கைகள் மரத்துப்போவதையும் வலுவிழப்பதையும் இராணுவ மருத்துவம் நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறது. விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு வந்தால் அதனை அலட்சியம் செய்யலாகாது.

கணக்கு மிக எளிது. ஒரே பாரத்தை ஒரு சென்ரிமீற்றர் அகலமான பட்டியில் தூக்குவதற்கும் ஐந்து சென்ரிமீற்றர் அகலமான பட்டியில் தூக்குவதற்கும் வேறுபாடு உண்டு. பாரம் குறையாது, ஆனால் தோலின் ஒவ்வொரு சதுர அங்குலமும் தாங்கும் அழுத்தம் ஏறக்குறைய ஐந்திலொன்றாகிவிடும். கழுத்தின் பின்புறத்தில் மாட்டினால் தலை முன்னே இழுபடும். ஒரு தோளில் மாட்டினால் பட்டி வழுவாமலிருக்க அந்தத் தோளை நாம் அறியாமலே உயர்த்திப் பிடிப்போம். முதுகெலும்பு மறுபக்கம் சாயும். காக்காவின் பழைய படங்களைப் பாருங்கள். கமரா இல்லாமல் நிற்கும் படத்திலும் வலது தோள் உயர்ந்தே இருக்கிறது.

இவையெல்லாம் நமது முன்னோர் அறியாதவை அல்ல. சைக்கிள் பரவலாவதற்கு முன்னர் இக்கரையோரத்து மீன் வியாபாரிகள் காவுதடியில் இருபுறமும் கூடை தொங்கவிட்டு ஊர் ஊராக நடந்தார்கள். இரண்டு கூடையிலும் சமநிறை. தடி வளைந்து கொடுக்கும். தோளில் மடித்த துவாயொன்று. சில நூறு அடிக்கு ஒருமுறை, நடையை நிறுத்தாமலே, தடி மறுதோளுக்குப் போகும். சமநிறை, நெகிழ்வு, அகலம், மாற்றம் ஆகிய நான்கும் அந்த ஒரு தடியில் அடங்கியிருந்தன. நவீன பட்டி தயாரிப்பாளர்கள் இந்த நான்கையும் தனித்தனியாகக் கண்டுபிடித்து விற்பதற்கு நீண்ட காலம் எடுத்தது.

எதைத் தெரிவு செய்வது?

எழுபதுகளின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் பிலடெல்பியா இன்குவயரர் பத்திரிகையின் படப்பிடிப்பாளரான ஜிம் டொம்கி தமக்கென ஒரு கன்வஸ் பையை உருவாக்கினார். அவர் பெயரில் வந்த பட்டிகளில் பருத்தி நெசவினூடே இறப்பர் இழைகள் ஓடின, சட்டையின்மீது வழுவாது. நைலோன் பட்டி வலிமையானது, ஆனால் வழுக்கும். அதன் ஓரம் வியர்வையில் தோலை அறுக்கும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நியோப்பிரின் என்ற செயற்கை இறப்பரினாலான அகன்ற பட்டிகள் பரவின. அவை நெகிழ்ந்து கொடுப்பதனால் பாரம் குறைந்தாற்போல் தோன்றும். எனினும், நடக்கும்போது பாரமான லென்ஸ் மேலும் கீழும் துள்ளும். நமது கரையோர வெப்பத்தில் அதன் அடியில் வியர்வை தேங்குவதையும் சொல்ல வேண்டும்.

2008ஆம் ஆண்டளவில் பிளக் ரப்பிட் என்ற பெயரில், கமராவின் அடியிலுள்ள முக்காலித் துளையில் ஆணியை முறுக்கி, குறுக்குப் பட்டியில் கமராவைத் தலைகீழாகத் தொங்கவிடும் முறை பிரபலமாயிற்று. பட்டி தோளில் அசையாமல் இருக்க, கமரா மட்டும் அதன்மீது வழுகிக் கண்ணுக்கு வரும். பின்னர் இரு தோள்களிலும் அணிந்து, முதுகில் ஒன்றாக இணைக்கப்பட்ட, இரு பக்கமும் ஒவ்வொரு கமரா தொங்கும் இரட்டை வார்கள் வந்தன. திருமணப் படப்பிடிப்பாளர்கள் இன்று பெரிதும் விரும்புவது இதனைத்தான். காவுதடியின் சமநிறைத் தத்துவம் இதில் மீண்டும் வந்திருக்கிறது.

நம்மிடம் வந்த இளைஞர் திருமண மண்டபத்தில் எட்டு, பத்து மணிநேரம் நிற்பவர். அவருக்கு நான் கூறியவற்றை இங்கும் தருகிறேன்.

இரண்டு கமராக்களை நாள் முழுவதும் சுமப்பவருக்கு இரட்டை வாரே பொருத்தம். தோளில் படும் பகுதி நான்கைந்து சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். மெத்தை மிகத் தடிப்பாக இருக்க வேண்டியதில்லை. முதுகில் இணையும் இடம் கழுத்தெலும்பின்மீது ஏறாமல், தோள்பட்டைகளுக்கு நடுவே தாழ்ந்து இருக்க வேண்டும். பாரமான லென்ஸுள்ள கமராவை நீங்கள் அதிகம் பாவிக்கும் கையின் பக்கத்தில் விடுங்கள். இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழே தொங்கினால் போதும். முழங்காலில் இடிக்கும் அளவுக்கு நீளமானால் குனியும்போது ஆபத்து.

முக்காலித் துளையில் மாட்டும் ஆணிகள் நடையின் அதிர்வில் மெல்ல மெல்லக் கழலும். ஒவ்வொரு வைபவத்துக்கும் முன்னரும், சாப்பாட்டு இடைவேளையிலும் இறுக்கிப் பாருங்கள். கமராவின் காதிலிருந்து வாருக்கு ஒரு சிறு பாதுகாப்பு நாடாவும் போடுங்கள். உலோக வளையங்கள் கடற்காற்றில் துருப்பிடிக்கும். அவற்றை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். சாதாரணப் பட்டியானால், அதன் வால் நுனியை வளைத்து மீண்டும் கொக்கிக்குள் நுழைத்து, உட்புறமாக முடியுங்கள். அப்போது பாரம் கூடக்கூடப் பிடி இறுகும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, ஒரே அசைவில் கழற்றக்கூடிய பூட்டு. விற்பவர்கள் இதனைக் கடைசியாகச் சொல்வார்கள். நீங்கள் முதலில் கேளுங்கள். கடையில் வைத்து, இரண்டு கமராக்களுடனும் அணிந்து, கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பாருங்கள். ஐந்து எண்ணுவதற்குள் இரு கைகளும் வெறுமையாகாவிட்டால் அந்தப் பட்டி வேண்டாம். காக்காவின் கதையை அவருக்கும் சொன்னேன்.

இன்னொன்றையும் அவரிடம் கேட்டேன். இரண்டாவது கமரா உண்மையில் வேண்டுமா? பிலிம் மாற்றும் தேவை இன்று இல்லை. வண்ணத்துக்கும் கறுப்பு வெள்ளைக்கும் தனித்தனிக் கமரா வேண்டியதில்லை. அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: மணமகன் கையெழுத்திடும் அந்த ஒரு கணம் திரும்ப வராது, ஒரு கமரா பழுதானால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது? நியாயமான விடை. கண்ணாடியில்லாக் கமராக்களின் வருகையால் உடற்பாரம் குறைந்திருக்கிறது. அண்மைக்காலத்து 70 முதல் 200 வரையிலான லென்ஸுகள் சில ஒரு கிலோவுக்குச் சற்று மேலாகவே உள்ளன. முன்னையவை ஒன்றரைக் கிலோவை எட்டின. புதிய பட்டி வாங்குவதற்கு முன்னர், பைக்குள்ளிருந்து எதை வெளியே எடுத்து வைக்கலாம் என்று பார்ப்பதும் ஒரு வழிதான்.

சாரன் துணியும் நைலோன் பட்டியும்

இவ்வளவும் சொன்ன பின்னர் அவர் விலையை விசாரித்தார். வெளிநாட்டில் தயாரான நல்ல இரட்டை வாரின் விலை அவருக்குப் பல திருமணங்களின் இலாபம். அப்போதுதான் நமது ஊரின் ஞாபகம் எனக்கு வந்தது.

மருதமுனை நெசவாளர்களின் ஊர். தறிச் சத்தம் கேட்காத தெரு ஒருகாலத்தில் இங்கு இருக்கவில்லை. மருதமுனைச் சாரனும் சேலையும் நாடெங்கும் போயின. 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின்னர் இறக்குமதித் துணியோடு போட்டியிட இயலாமல் நாட்டின் கைத்தறி முழுவதும் தளர்ந்தது. சுனாமி எஞ்சியிருந்த தறிகளிலும் பலவற்றைக் கொண்டுபோயிற்று. ஆயினும் தொழில் அழிந்துவிடவில்லை.

கமராப் பட்டி என்பதும் ஒடுங்கிய தறியில் பாவும் ஊடும் நெருக்கி நெய்த நாடாவே அல்லவா? பாரத்தைத் தாங்கும் பட்டியைச் சாரன் துணியில் செய்யலாம் என்று நான் சொல்லமாட்டேன். அறுந்தால் கமரா போய்விடும். பாரத்தை நைலோனே தாங்கட்டும். தோலில் படுவது பருத்தியாக இருக்கலாம். கைத்தறிச் சாரன் துணியை மூன்று நான்கு மடிப்பாக்கி, ஐந்து சென்ரிமீற்றர் அகலமான உறையாகத் தைத்து, சாதாரண நைலோன் வாரின்மேல் ஏற்றிக்கொண்டால், அது வழுவாது, வியர்வையையும் உறிஞ்சும், கழற்றித் துவைத்துக் காயப்போடலாம். மீன் வியாபாரியின் தோளில் இருந்த மடித்த துவாய் செய்த வேலையையே இது செய்கிறது.

இளைஞர் அவ்வாறே இரண்டு உறைகள் தைத்துக்கொண்டார். இரட்டை வாரை ஊரிலுள்ள தையற்காரர் ஒருவரும் செருப்புத் தைப்பவர் ஒருவருமாகச் சேர்ந்து, பாதுகாப்புப் பட்டிக்குப் பயன்படும் நாடாவில் செய்து கொடுத்தார்கள். முதல் முயற்சியில் பூட்டு சரியாக அமையவில்லை, மாற்றினார்கள்.

சென்ற வாரம் அவரைக் காக்காவின் வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். காக்கா அந்த வாரைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். உறையின் ஓரத்தைப் பெருவிரலால் தடவினார். பூட்டைத் திறந்து மூடினார். பிறகு இடது கையினால் அதனை இளைஞரின் தோளில் தாமே மாட்டிவிட்டு, “கழட்டிக் காட்டுங்க மகன்” என்றார்.

இளைஞர் கழற்றினார். காக்கா வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றில் முடிந்துவிட்டது.

“இன்னொருக்கா” என்றார்.